வாய்க்கால் வரைந்த வட்டாரம்: யூட்டாவில் மோர்மன் குடியேற்றம்

அமெரிக்காவின் யூட்டா மாநில வரைபடத்தில் வாசாட்ச் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தை வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்துக்கொண்டே வந்தால் பிரிகாம் சிட்டி, ஆக்டன், ஃபார்மிங்டன், சால்ட் லேக் சிட்டி, ப்ரோவோ, ஸ்பிரிங்வில், நீஃபை என்று ஊர்கள் ஒரு கோட்டில் வரும். ஒவ்வொரு ஊரும் ஏதோ ஓர் ஓடை மலையிடுக்கை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடங்களைத் தேடிப்பிடித்து, அங்கே தண்ணீரை மறித்து வயலுக்குத் திருப்பியதுதான் மோர்மன் என்ற கிறிஸ்தவ வழிச் சபையினரின் குடியேற்றத்துக்கு அடிப்படை வேலை. மோர்மன் என்றதும் பலருக்கும் பலதார மணம்தான் நினைவுக்கு வருகிறது. அது அவர்கள் வரலாற்றின் பெரிய அத்தியாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் நிலம், சட்டம், தெரு, இன்றைய சிக்கல் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டுமானால் வாய்க்காலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முன்கதை சுருக்கமாக. ஜோசப் ஸ்மித் 1830ல் நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சபையைத் தொடங்கினார். ஒஹையோ, மிசௌரி, இலினாய் என்று போன இடமெல்லாம் அண்டை வீட்டாரோடு மோதல். 1838ல் மிசௌரி ஆளுநர் இவர்களை ஒழிக்கவோ விரட்டவோ வேண்டும் என்று எழுத்திலேயே ஆணையிட்டார். 1844 ஜூன் 27 அன்று இலினாயின் கார்த்தேஜ் சிறையில் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் பெரும்பான்மையோருக்குத் தலைமையேற்ற பிரிகாம் யங், யாருக்கும் வேண்டாத நிலமாகப் பார்த்துப் போவது என்று முடிவெடுத்தார். 1847ல் கிளம்பிய முதல் அணியில் 143 ஆண்கள், 3 பெண்கள், 2 குழந்தைகள். ஆண்களில் மூவர் கறுப்பின அடிமைகள். அவர்கள் போய்ச் சேர்ந்த பெரிய உப்பேரிப் பள்ளத்தாக்கு அப்போது மெக்சிகோவின் ஆட்சிப் பரப்பில் இருந்தது. அடுத்த ஆண்டு குவாதலூப் இதால்கோ ஒப்பந்தத்தின் வழியாக அது அமெரிக்காவிடம் வந்தது. விட்டு விலகிவந்த நாட்டுக்குள்ளேயே மறுபடி அகப்பட்டுக்கொண்டார்கள்.

யங் பள்ளத்தாக்கில் இறங்கியது ஜூலை 24. இன்றும் அந்த நாள் யூட்டாவில் அரசு விடுமுறை. வேளாண்மையைப் பொறுத்தவரை முக்கியமான நாள் அதற்கு முந்தையது. முன்னால் போன குழு ஜூலை 23 அன்று ஏர் பூட்டியபோது மண் கல்லாக இறுகிக் கிடந்தது, கொழு முறிந்தது. உடனே சிட்டி க்ரீக் என்று பின்னாளில் பெயர் பெற்ற ஓடையை மறித்து நிலத்தில் தண்ணீரைப் பாய்ச்சி, ஊறவைத்து உழுதார்கள். உருளைக்கிழங்கு நட்டார்கள். வந்தவர்கள் அமெரிக்காவின் வடகிழக்கிலும் இங்கிலாந்திலும் மழையை நம்பிப் பயிர் செய்து பழகியவர்கள். பாசனம் அவர்களுக்குப் புதிது.

அது ஏன் தவிர்க்க முடியாததாயிற்று? சால்ட் லேக் சிட்டியில் ஆண்டுக்குச் சுமார் 16 அங்குல மழை. அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வந்துவிடும். பயிர் தாகத்தில் நிற்கும் ஜூலை, ஆகஸ்டில் வானம் காய்ந்துகிடக்கும். ஆனால் வாசாட்ச் உச்சியில் விழும் பனி, மலையே நீர்த்தேக்கம் என்பதுபோல் மே, ஜூன் வரை தங்கி உருகும். ஓடைகள் மலையிடுக்கைத் தாண்டும் இடத்தில் கூழாங்கல்லும் வண்டலும் விசிறிபோல் பரவிக் கிடக்கும். அந்த விசிறியின் தலையில் தண்ணீரைப் பிடித்துவிட்டால் நில ஈர்ப்பே அதைக் கீழே கொண்டுபோகும். இறைக்கத் தேவையில்லை, பெரிய அணையும் தேவையில்லை. ஓர் ஓடை, அதன் கீழ் ஓர் ஊர், ஊரைச் சுற்றி வயல் என்ற அமைப்பு இப்படித்தான் நிலைபெற்றது.

வாய்க்கால் வெட்டியது ஊர் கூடிச் செய்த வேலை. சால்ட் லேக் சிட்டி 1849 பிப்ரவரியில் 19 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. வார்டு என்பது ஒரே நேரத்தில் சபைக்கூட்டமும் நிர்வாக அலகும். அதன் தலைவரான பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. அவரும் ஓர் உழவர் அல்லது தொழிலாளி. வேலி, பாலம், வாய்க்கால் எல்லாம் அவர் மேற்பார்வையில் நடந்தன. யாருக்கு எவ்வளவு நிலம் பாயப்போகிறதோ அந்த அளவுக்கு அவர் வெட்டுவேலை செய்ய வேண்டும். வாட்டம் பார்க்கக் கையால் செய்த முக்கோணச் சட்டமும் தூக்குக்குண்டும் போதும். வெட்டிய தூரம்வரை தண்ணீரை விட்டு, அது போகும் போக்கைப் பார்த்தே மேற்கொண்டு வெட்டியதும் உண்டு. முதலில் ஏரால் மண்ணைக் கிளப்புவார்கள். பிறகு இரண்டு மரக்கட்டைகளை வி வடிவில் பிணைத்து, குதிரை பூட்டி இழுத்து மண்ணை இருபுறமும் தள்ளிக் கரையாக்குவார்கள்.

இதில் எங்கே தவறினாலும் பலன் உடனே தெரியும். வாட்டம் அதிகமானால் தண்ணீர் தரையை அறுத்துக்கொண்டு போய், வாய்க்கால் ஆழமாகி, மடைக்குத் தண்ணீர் ஏறாது. வாட்டம் குறைந்தால் வண்டல் படிந்து தூர்ந்துபோகும். கூழாங்கல் தரையில் வெட்டிய முதல் ஆண்டு பாதித் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே போய்விடும். வண்டல் படிந்து துளைகள் அடைபட்ட பிறகுதான் கடைமடைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். வளை தோண்டும் எலிகள் கரையைத் துளைத்தால் ஓர் இரவில் உடைப்பு. ஓடையைக் குறுக்கே மறித்தது வெறும் தழையும் கல்லும்தான் என்பதால் பனி உருகும் வெள்ளத்தில் அது அடித்துக்கொண்டு போகும். ஆண்டுதோறும் திரும்பக் கட்டுவதும் தூர்வாருவதும் பங்குக்கேற்ற உழைப்பு. வராதவர் கூலி கட்ட வேண்டும். அதையும் கட்டாதவருக்குத் தண்ணீர் உரிமை கேள்விக்குறி.

பாய்ச்சும் முறையையும் சொல்ல வேண்டும். பங்கு என்பது இத்தனை லிட்டர் என்ற கணக்கில்லை; வாய்க்காலில் அன்று என்ன ஓடுகிறதோ அதில் ஒரு பகுதி. அது மணிக்கணக்காக மாற்றப்பட்டு முறை வைக்கப்படும். தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வாட்டர் மாஸ்டர் பட்டியல் எழுதுவார். முறை நள்ளிரவு 2 மணிக்கு வந்தால் 2 மணிக்கு மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். குறுக்கே ஒரு கம்பு, அதில் தொங்கும் கித்தான் துணி, துணியின் ஓரத்தில் மண். இதுவே தடுப்பு. தேங்கும் தண்ணீர் கரைவெட்டு வழியாகப் பாத்திச் சால்களில் இறங்கும். சாலுக்குள் அதிகம் விட்டால் மேல்மண் அரித்துப் போகும். குறைவாக விட்டால் சாலின் தலைப்பகுதி மட்டும் நனைந்து வால்பகுதி காயும். நேரம் முடிந்ததும் துணியைத் தூக்கிவிட்டால் தண்ணீர் அடுத்தவருக்கு.

நிலப் பங்கீடும் தண்ணீரை ஒட்டியே நடந்தது. இங்கே நிலத்தை விற்கவோ வாங்கவோ கூடாது, உழ முடிந்த அளவே ஒருவருக்கு என்று யங் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். சால்ட் லேக் சிட்டியில் ஒரு பிளாக் 10 ஏக்கர், அதில் எட்டு மனைகள், மனை ஒன்றேகால் ஏக்கர், தெரு 132 அடி அகலம். மனையில் வீடும் காய்கறித் தோட்டமும் பழமரமும். தெருவோரத்தில் சிறு வாய்க்கால். பயிர் நிலம் ஊருக்கு வெளியே: கைத்தொழிலாளருக்குப் பக்கத்தில் 5 ஏக்கர், உழவர்களுக்குத் தள்ளி 10, 20 ஏக்கர் என்று. பிற மேற்கு மாநிலங்களில் உழவர் தம் 160 ஏக்கரின் நடுவில் தனி வீட்டில் இருந்தபோது, இங்கே எல்லாரும் ஊருக்குள் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஸ்மித் 1833ல் வரைந்த நகர வரைவே இதற்கு மூலம். கோயில் சதுக்கத்தின் தென்கிழக்கு மூலையிலிருந்து எண்ணப்படும் ‘300 தெற்கு, 200 கிழக்கு’ போன்ற முகவரிகள் இன்றும் அங்கே வழக்கம். முகவரியைக் கேட்டதுமே எந்தத் திசையில் எத்தனை பிளாக் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இந்தச் சமப்பங்கீட்டைப் புனிதமாக்கிப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 1850 டிசம்பரில் சிட்டி க்ரீக் மலையிடுக்கின் மரமும் ஓடையும் 500 டாலருக்கு யங்குக்கே வழங்கப்பட்டன. பொதுவளம் என்ற கொள்கையும், நம்பிக்கைக்குரிய தலைவரிடம் அதன் சாவி என்ற நடைமுறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 1852 சட்டம் நீரையும் மரத்தையும் மாவட்ட நீதிமன்றங்களின் கையில் கொடுத்தது. 1865ல் பாசன மாவட்டச் சட்டம். 1880ல் தண்ணீர் உரிமை நிலத்திலிருந்து பிரித்து விற்கத்தக்க சொத்தானது. முதலில் வந்தோருக்கு முதன்மை உரிமை, பிந்தியோருக்கு வெள்ளக்காலத்து மிகுநீர் மட்டும் என்ற படிநிலையும் உறுதியானது. வார்டின் உழைப்பு பாசனக் கம்பெனியின் பங்குப் பத்திரமாக மாறியது இப்படித்தான். அந்தக் கம்பெனிகள் பல இன்றும் இயங்குகின்றன.

யங் 1877ல் இறந்தபோது மோர்மன் ஊர்கள் 350க்கும் மேல். மக்கள் தாமாகப் பரவியதால் மட்டும் இவ்வளவு வரவில்லை. சபை மாநாட்டில் பெயர் வாசிக்கப்படும். வாசிக்கப்பட்டவர் வீட்டை விற்று, குறிப்பிட்ட இடத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். கொல்லர், தச்சர், மாவரைப்பவர், உழவர் என்று கலந்து தேர்ந்தெடுத்தார்கள். 1861ல் பருத்தி விளைவிக்க 309 குடும்பங்கள் தெற்கே அனுப்பப்பட்டன. செயின்ட் ஜார்ஜ் நகரம் பிறந்தது.

இந்த அழைப்பு முறை எங்கே தோற்றது என்று பார்ப்பதில்தான் அதன் இயல்பு தெரிகிறது. செயின்ட் ஜார்ஜில் வர்ஜின் ஆறு வண்டலும் வெள்ளமுமாக அணைகளை மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு போனது. பக்கத்துச் சான்டா கிளாரா ஓடை 1862 ஜனவரி வெள்ளத்தில் கோட்டையையே அரித்தது. பருத்தி விளைந்தது. ஆனால் உள்நாட்டுப் போர் முடிந்து, 1869ல் ரயிலும் வந்த பிறகு கிழக்கிலிருந்து வரும் துணியோடு விலையில் நிற்க முடியவில்லை. சீடர் சிட்டியில் 1852 செப்டம்பரில் இரும்பு உருக்கினார்கள். வெள்ளம், உலைக்கு ஒத்துவராத நிலக்கரி, குளிரில் உறையும் நீர்விசை என்று அடுக்கடுக்காக இடர் வந்து 1858ல் மூடினார்கள். இங்கிலாந்தின் லிவர்பூலில் செய்வித்த சர்க்கரை இயந்திரங்கள் கடலும் சமவெளியும் தாண்டி வந்தும் பாகுதான் கிடைத்தது, சர்க்கரை இல்லை; 1891ல் லீஹையில் ஆலை அமைந்த பிறகே பீட்ரூட் சர்க்கரை வெற்றி பெற்றது. உடல் உழைப்பையும் ஒழுங்கையும் கேட்ட வேலைகளில் இந்த அமைப்பு வென்றது. மூலதனத்தையும் தொழில்நுட்ப அறிவையும் சந்தையையும் கேட்ட வேலைகளில் அழைப்பும் கட்டளையும் போதவில்லை.

கட்டளைக்குக் கீழ்ப்படிதல் உயிரையும் வாங்கியது. ஐரோப்பிய ஏழை மதமாறியோரைக் குறைந்த செலவில் கொண்டுவர 1856 முதல் 1860 வரை பத்து அணிகள் கைவண்டி இழுத்து வந்தன. மொத்தம் சுமார் 3,000 பேர். ஆளுக்கு 17 பவுண்டு சுமை. 1856ல் வில்லி, மார்ட்டின் அணிகள் தாமதமாகக் கிளம்பின. பச்சை மரத்தில் செய்த வண்டிகள் வறண்ட காற்றில் சுருங்கி அச்சு தேய்ந்தன. அக்டோபரில் வயோமிங்கில் பனி பிடித்துக்கொண்டது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மற்ற எட்டு அணிகள் பெரிய இழப்பின்றி வந்துசேர்ந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கொன்றது கைவண்டி என்பதைவிடக் காலம் தவறிய புறப்பாடு.

மலையிடுக்கின் வாய் யாருமில்லா இடமாக இருக்கவில்லை. தண்ணீரும் மீனும் புல்லும் விதைதரும் செடிகளும் ஒன்றுகூடும் அந்த இடங்களே யூட், ஷோஷோனி, பையூட் பழங்குடி மக்களின் வாழ்விடம். ப்ரோவோ ஆற்று மீன்பிடி டிம்பனோகஸ் யூட்களின் உணவு அடிப்படை. 1849ல் அங்கே கோட்டை எழுந்தது. 1850 பிப்ரவரியில் யங்கின் ஒப்புதலோடு போன படை அவர்களைத் தாக்கியது. 1853ல் வாகாரா போர், 1865 முதல் 1872 வரை பிளாக் ஹாக் போர்; இரண்டும் யூட் தலைவர்களின் பெயரால் அழைக்கப்படுபவை. 1866ல் சர்க்கிள்வில்லில் காவலில் வைத்திருந்த பையூட்களைக் குடியேறிகள் கொன்றார்கள். வடக்கே கேஷ் பள்ளத்தாக்கில் குடியேறிகளின் மாடுகள் புல்விதைகளைத் தின்று தீர்த்ததும் ஷோஷோனிகள் பட்டினிக்குத் தள்ளப்பட்டார்கள். 1863 ஜனவரி 29 அன்று கர்னல் பேட்ரிக் கானரின் கூட்டாட்சிப் படை பேர் ஆற்றங்கரையில் அவர்களின் முகாமைச் சூழ்ந்து பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. படைக்கு வழிகாட்டியவர் ஒரு மோர்மன். பழங்குடியினரோடு சண்டையிடுவதைவிட அவர்களுக்குச் சோறுபோடுவது மலிவு என்ற யங்கின் கொள்கையை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையாகாது. சோறு போட்டார்கள் என்பதும் உண்மை. அந்தச் சோறு முன்பு விளைந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. 1857 செப்டம்பரில் மவுண்டன் மெடோஸில் ஆர்கன்சா வழிப்பயணிகள் சுமார் 120 பேரை மோர்மன் குடிப்படையினர் கொன்றது இன்னொரு கறை. அதற்காகத் தண்டிக்கப்பட்டவர் ஜான் டி. லீ ஒருவர் மட்டுமே, அதுவும் இருபது ஆண்டு கழித்து.

கூட்டாட்சி அரசோடு நடந்த இழுபறி தனிக்கட்டுரைக்கான பொருள். பலதார மணத்துக்கு எதிராக 1862, 1882, 1887 ஆண்டுகளில் சட்டங்கள் இறுகின. கடைசிச் சட்டம் சபையின் சட்ட உருவத்தையே கலைத்து, சொத்தைப் பறிமுதல் செய்து, 1870 முதல் வாக்களித்துவந்த யூட்டாப் பெண்களின் வாக்குரிமையையும் பறித்தது. 1890ல் சபைத்தலைவர் வில்ஃபோர்ட் வுட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கை வெளியிட்டார். 1896 ஜனவரி 4 அன்று யூட்டா 45வது மாநிலமானது. பெண்களுக்கு வாக்குரிமை திரும்பியது. அதே ஆண்டு மார்த்தா ஹியூஸ் கேனன் நாட்டின் முதல் பெண் மாநிலச் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் மருத்துவர், பலதார மணக் குடும்பத்தின் மனைவியரில் ஒருவரும்கூட.

வாய்க்கால் அறிவு யூட்டாவோடு நிற்கவில்லை. 1878ல் அரிசோனாவின் மீசாவுக்குப் போனவர்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஹோஹோகம் மக்கள் வெட்டிய வாய்க்கால் தடத்தையே பிடித்து மறுபடி வெட்டினார்கள். கனடாவின் ஆல்பெர்ட்டாவில் 1887ல் கார்ட்ஸ்டன் ஊரை அமைத்தவர்கள், பின்னர் செயின்ட் மேரி ஆற்று வாய்க்காலைக் கூலியில் பாதி பணமும் பாதி நிலமுமாகப் பெற்று வெட்டித் தந்தார்கள். நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878ல் அரசுக்கு அளித்த வறண்ட நில அறிக்கை யூட்டாவின் பாசன ஊர்களை நேரில் ஆய்ந்து எழுதப்பட்டது. 160 ஏக்கர் சதுரம் என்ற சட்டம் இங்கே பொருந்தாது, பாசன நிலத்துக்கு 80 ஏக்கர் போதும், மேய்ச்சலுக்கு 2,560 வேண்டும் என்றார். நாடாளுமன்றம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேற்கில் பல குடும்பங்கள் நொடித்திருக்காது என்று கருத இடமுண்டு.

மலையைக் கவனிக்கத் தவறியதற்கு விலை கொடுத்த ஊர் மான்டை. மேலே ஆடுகள் அளவின்றி மேய்ந்து தரை மொட்டையானதும் கோடைமழைக்கே சேற்று வெள்ளம் ஊருக்குள் இறங்கியது. ஊராரே மேய்ச்சலுக்குத் தடை கேட்டு மனுப்போட்டார்கள்; 1903ல் மான்டை வனக்காப்பு உருவானது. 1912ல் எஃப்ரெய்ம் மலையிடுக்கில் தொடங்கிய ஆய்வு நிலையம், அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றில் செடி அடர்த்தி குறைவு, மற்றதில் அதிகம் என்று வைத்து, வழிந்தோடும் நீரையும் மண்ணையும் தொட்டிகளில் பிடித்து அளந்தது. மொட்டைப் பகுதியில் செடி மீண்டதும் மண்ணிழப்பு குறைந்தது. ஆனால் மற்ற ஊர்கள் அந்தப் பாடத்தை நேரத்தில் எடுத்துக்கொள்ளவில்லை: 1923ல் ஃபார்மிங்டனிலும் வில்லர்டிலும், 1930ல் டேவிஸ் மாவட்டத்திலும் அதே சேறு.

இப்போதைய பெரிய கணக்கு பெரிய உப்பேரியில் நிற்கிறது. ஏரிக்கு வெளிவழி கிடையாது. பேர், வீபர், ஜோர்டான் ஆறுகள் கொண்டுவருவதும் ஆவியாவதும்தான் அதன் வரவு செலவு. மனிதர் திருப்பிவிடும் நீரில் பெரும்பங்கு வயலுக்குப் போகிறது, அதிலும் ஆல்ஃபால்ஃபா தீவனத்துக்கு. 1986ல் கடல்மட்டத்துக்கு மேல் 4,211 அடியைத் தாண்டியிருந்த நீர்மட்டம் 2022 நவம்பரில் சுமார் 4,188.5 அடிக்கு இறங்கியது. வெளித்தெரியும் ஏரித்தரையில் இயற்கையாகவே ஆர்சனிக் உண்டு. அந்தத் தூசு காற்றில் வாசாட்ச் நகரங்களுக்கு வருகிறது.

பழைய சட்டம் இதில் நேரடியாகக் குறுக்கே நின்றது. தண்ணீரைப் பயனுள்ள வேலைக்குப் பயன்படுத்தாமல் 7 ஆண்டு விட்டால் உரிமை போய்விடலாம். ஏரிக்கு ஓடவிடுவது பயனுள்ள வேலையாக எண்ணப்படவில்லை. எனவே தேவையில்லாவிட்டாலும் பாய்ச்சியவர்கள் இருந்தார்கள். 2022ல் சட்டம் திருத்தப்பட்டு, உழவர் தம் நீரை ஏரிக்காகக் குத்தகைக்கு விட வழி பிறந்தது. 2023 மார்ச்சில் மோர்மன் சபை ஒரு பாசனக் கம்பெனியில் தனக்கிருந்த 5,700 அளவிலான பங்குகளை ஏரிக்கென மாநிலத்துக்குக் கொடுத்தது. ஆண்டுக்குச் சுமார் 20,000 ஏக்கர்-அடி நீர் (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி). ஏரியின் தேவையோடு ஒப்பிட்டால் அது சிறு அளவு. மீதிப் பங்குகள் நூற்றுக்கணக்கான சிறு கம்பெனிகளின் ஏடுகளில் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பேசி, அளவுமானி வைத்து, திறந்துவிட்ட நீர் இடையில் யாரும் திருப்பாமல் ஏரிவரை போகிறதா என்று பார்க்கும் வேலை இப்போது மாநில நீர்ப் பொறியாளர் அலுவலகத்தின் கையில் இருக்கிறது.